மூன்று மீட்டர் முள்தலையன்

கடல் உயிரின ஆய்வு நிறுவனத்தில் ஒரு விஞ்ஞானி எவ்வளவு பெரியவர் என்பதை, அவர் ஆராயும் விலங்கு எவ்வளவு பெரியது என்பதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. வேறு எதை வைத்து முடிவு செய்வது? அறிவை வைத்து என்றால், அதை அளக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். நிறுவனத்தில் அப்படி ஒரு பதவி இல்லை. டேப் இருந்தது. டேப் பிடிக்க ஆளும் இருந்தார்.

விதி எளிமையானது. விலங்கின் நீளம் மீட்டருக்கு ஒரு மதிப்பெண். சுறாக்காரர் நெஞ்சை நிமிர்த்தி நடப்பார். ஆமைக்காரர் யாரையும் பகைத்துக்கொள்ள மாட்டார். புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை கணக்கில் எடுக்கலாம் என்று ஒரு சலுகையும் உண்டு. அது இறால்காரர்கள் சேர்ந்து போராடி வாங்கியது.

நம் கதாநாயகிக்கு அந்த இரண்டு இலக்கம் போதவில்லை. அவர் ஆராய்ந்தது உப்பங்கழிச் சேற்றில் வாழும் ஒரு பிராணியை. வயிறார உண்டு, வளர்ந்து, பிள்ளை குட்டி பெற்ற பிறகும் அதன் நீளம் கால் மில்லிமீட்டர். அதை மீட்டரில் எழுதி இரண்டு இலக்கத்தோடு நிறுத்தினால் பூஜ்யம்தான் வரும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு அதுதான் வந்தது. நிறுவனத்தில் அவரைப் பூஜ்யம் மேடம் என்று கூப்பிட்டார்கள். கேலி செய்ய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை, மரியாதைக்குத்தான் மேடம் சேர்த்திருந்தார்கள்.

அந்தப் பிராணிக்கு முள்தலையன் என்று பெயர் வைத்தவர் அவர்தான். தலையைச் சுற்றி வரிசை வரிசையாக முள். பயந்தால் சட்டைக் கையை உட்பக்கமாக இழுப்பதுபோல் தலையை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். நடக்க வேண்டுமென்றால் தலையை வெளியே நீட்டி, முள்ளைச் சேற்றில் ஊன்றி, உடம்பை முன்னால் இழுக்கும். மறுபடி தலையை உள்ளே இழுக்கும், மறுபடி நீட்டும். ஒரு மணல் துகளைத் தாண்ட அது படும் பாட்டைப் பார்த்துக்கொண்டே மேடம் சாப்பாட்டு நேரத்தைக் கோட்டை விடுவார். அதைப் பார்க்கும்போது அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் யாருக்கும் புரியாது. அதனால் அவர் சொல்வதில்லை.

அதைப் பிடிக்கும் முறையும் அழகானது. வாளியில் சேற்றையும் கடல்நீரையும் கலந்து, ரப்பர் குழாய் வழியாகக் காற்றை ஊத வேண்டும். முள்தலையனின் தோலில் தண்ணீர் ஒட்டாது. குமிழியோடு குமிழியாக மேலே வந்து, நீரின் மேற்பரப்பில் சிக்கிக்கொள்ளும். ஒரு வெள்ளைத் தாளை மேலே மெல்லப் படுக்கவைத்து எடுத்தால், தாளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு தாளைக் கிண்ணத்தில் அலசி, கிண்ணத்தை நுண்ணோக்கிக்கு அடியில் வைக்க வேண்டியதுதான். அறைக்கு வெளியே போகிறவர்களுக்கு, ஒரு நடுவயதுப் பெண்மணி வாளிக்குள் ஊதிவிட்டுக் காகிதத்தை நனைத்துக்கொண்டிருப்பதுதான் தெரியும். பூஜ்யம் என்ற மதிப்பீடு சரிதான் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

அந்த வருடம் இயக்குநர் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

இயக்குநர் திமிங்கிலக்காரர். உயிரோடு ஒரு திமிங்கிலத்தை அவர் பார்த்ததில்லை, படகில் ஏறினால் அவருக்குக் குமட்டும். ஆனால் திமிங்கிலத்தை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து டேப் பிடிக்க முடியாது அல்லவா? அதற்காக ஒரு விலக்கு இருந்தது: கொண்டுவர இயலாத விலங்குகளுக்கு, நிறுவனம் காட்சிக்கு வைத்த படத்தை அளக்கலாம். இயக்குநரின் திமிங்கிலம் தாழ்வாரச் சுவரில் வரையப்பட்டிருந்தது. அவர் இளநிலை விஞ்ஞானியாக இருந்தபோது அது நூலக வாசலோடு நின்றது. அடுத்த தடவை வெள்ளையடித்தபோது வால் கழிப்பறை வரை நீண்டது. அது மூலையில் திரும்பி மாடிப்படியைத் தொட்டபோது அவர் இயக்குநர் ஆனார்.

"உக்காரும்மா," என்றார் இயக்குநர். "நான் சின்னதுக்கு எதிரி இல்ல. எங்க வீட்லயே சின்னச் சின்னப் பொருளெல்லாம் இருக்கு. ஆனா அறிவியல்னு வந்துட்டா, ஒரு ஆள் தள்ளி நின்னு பாத்தாத் தெரியணும். நான் திமிங்கிலத்தை எடுத்துக்கிட்டேன். இத்தனை வருஷத்துல யாராவது என்கிட்ட 'அது எங்க?'ன்னு கேட்டாங்களா? கேக்கல. ஏன்னா அது பெருசு. உன்னோடது சின்னது, அதனால ஆளாளுக்குக் கேக்கறாங்க."

"சார், அது இருக்கு. மைக்ராஸ்கோப்ல காட்டறேன்."

"காட்டித்தான் நம்பவைக்கணும்னா அது எப்படிம்மா நம்பிக்கை? சரி, ஒண்ணு பண்ணு. இதே ஆராய்ச்சியைக் கடல்பசுல பண்ணக் கூடாதா? கட்டுரையில பேரை மட்டும் மாத்திக்கலாமே."

மேடம் நகத்திடுக்கிலிருந்த சேற்றைச் சுரண்டினார்.

"யோசிச்சுக்கோ. இந்த வருஷமும் பூஜ்யம் வந்தா, விதிப்படி உன்னை விருந்தினர் மாளிகைக்குத்தான் மாத்தணும். என் கையில ஒண்ணும் இல்ல."

விருந்தினர் மாளிகை என்பது நிறுவனத்துக்குப் பின்னால் இருந்த கட்டடம். அங்கே போர்வை, தலையணை உறை, டவல் ஆகியவற்றைப் பராமரிக்க ஒரு விஞ்ஞானி எப்போதும் இருப்பார். அப்போது இருந்தவர் ஒரு காலத்தில் நுண்பாசி நிபுணர். மாடிப்படியில் மேடத்தைப் பார்த்ததும் அவர் ஆறுதலாகச் சொன்னார்:

"எனக்கு ஓய்வு நெருங்குது. என் இடத்துக்கு நீங்கதான் வரப்போறீங்கன்னு பேசிக்கறாங்க. வாங்க மேடம், ஒண்ணும் மோசமில்ல. தலையணை உறை கண்ணுக்குத் தெரியும். அது ஒரு நிம்மதி."

அன்றைக்கு மேடத்துக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிவது அவரால்தான். "உங்க டைரக்டருக்கு ஒரு கண்ணாடி போட்டுட்டாப் போச்சு," என்று சிரிக்கவைக்கப் பார்த்தார். நடக்கவில்லை.

மாமியாருக்குத்தான் கோபம் வந்தது. இத்தனைக்கும் அவருக்கே மருமகளின் வேலையில் ஒரு குறை உண்டு. "கேக்கறவங்ககிட்ட நான் என்னன்னும்மா சொல்வேன்? திமிங்கிலம்னா கையை விரிச்சுக் காட்டலாம். உன்னோடதுக்குக் கையை எப்படி வைக்கறது?" என்பார். ஆனால் ஒரு தடவை நிறுவனத்துக்கு வந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தவர், எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். "ஏம்மா, ஆள் வந்ததும் தலையை உள்ள இழுத்துக்குதே. அப்படியே என் தம்பி," என்று அதற்கு ஓர் உறவும் கொடுத்துவிட்டார்.

"தலையணை உறையைப் பாத்துக்கறதுக்கா நீ இவ்ளோ படிச்சே?" என்று இப்போது கேட்டார்.

"அத்தை, உறையைக்கூடப் பாத்துக்குவேன். இதைப் பாக்காம எப்படி இருக்கறதுன்னுதான் தெரியல." மேடம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தார்.

இந்த நிலைமையில்தான் பொதுமக்கள் பார்வை நாள் வந்தது. கண்காட்சிப் பிரிவு எல்லா விஞ்ஞானிகளிடமும் படம் கேட்டது. மேடமும் ஒரு படம் கொடுத்தார். பேனர் அடிப்பவர் எல்லாப் படத்தையும் ஒரே அளவில் அடித்துக்கொடுத்தார். முள்தலையன் மாடிக் கைப்பிடியிலிருந்து கீழ்த்தளம் வரை தொங்கியது. கீழே 'முள்தலையன், எமது நிறுவனத்தின் சேகரிப்பு' என்று கொட்டை எழுத்து. மூலையில் உண்மையான அளவைக் காட்டும் சின்னக் கோடும் இருந்தது. பார்த்தவர்கள் அதை அலங்காரம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

வருடாந்திர அளவீட்டுக்கு டேப்காரர் வந்த அன்று மேடம் உப்பங்கழியில் முழங்கால் சேற்றில் நின்றிருந்தார். அறை பூட்டியிருந்தது. விலங்கு கொண்டுவர இயலாத நிலை. டேப்காரர் விதியை நினைத்துப் பார்த்தார், பேனரையும் பார்த்தார். உதவியாளரை மாடியில் டேப்பின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இரண்டு தடவை அளந்தார். மூன்று மீட்டர். விலங்கு தலையை உள்ளே இழுத்திருந்தது. இழுத்த தலைக்கு ஏதாவது சேர்த்துப் போடலாமா என்று உதவியாளர் கேட்டதற்கு, கண்ணால் காணாததை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவ்வளவு நேர்மையானவர்.

மேடம் திரும்பி வந்து விஷயத்தைக் கேட்டதும் நிர்வாக அலுவலரிடம் ஓடினார்.

"சார், என் மதிப்பெண்ல ஒரு தப்பு நடந்திருக்கு."

"குறைஞ்சிருக்கா?"

"கூடியிருக்கு."

நிர்வாக அலுவலர் பேனாவை மூடி வைத்தார். "கூடினதுக்குப் புகார் குடுக்க நம்மகிட்ட வழிமுறை இல்லையேம்மா. குறைஞ்சதுக்குத்தான் இருக்கு. அதுவும் இதுவரைக்கும் யாருக்கும் திருத்தினதில்ல."

"ஆனா அது கால் மில்லிமீட்டர்தான் சார்."

"நீங்க சொல்றீங்க. டேப் மூணு மீட்டர்னு சொல்லுது. நான் யாரை நம்பறது? டேப்புக்கு இதுல என்ன லாபம்?"

மேடம் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார். விருந்தினர் மாளிகை தப்பியது என்ற நிம்மதி ஒரு பக்கம், பொய்யின்மேல் உட்கார்ந்திருக்கிறோமே என்ற உறுத்தல் ஒரு பக்கம். "நீயா பொய் சொன்னே? அளந்தது அவங்க," என்று மாமியார் தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு மேடம் கொஞ்ச நாள் ஓட்டினார்.

ஆனால் மூன்று மீட்டர் விலங்கு சும்மா இருக்க விடுமா? அதுவும் தலை நிறைய முள் இருக்கிற விலங்கு. பாதுகாப்புப் பிரிவு அதை ஆபத்தான விலங்குகளில் சேர்த்தது. மேடத்தின் அறை வாசலில் கம்போடு ஒரு காவலாளி உட்கார்ந்தார். உள்ளே இருப்பவர் ஹெல்மெட் அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஹெல்மெட்டோடு நுண்ணோக்கியில் குனிந்தால் விளிம்பு இடிக்கும், கண் எட்டாது. கழற்றினால் காவலாளி கதவைத் தட்டுவார்.

"மேடம், தலையில மாட்டுங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்."

"அண்ணா, அதோட முள்ளு உங்க தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிசு."

"மெல்லிசுதான் மேடம் உள்ள இறங்கும்."

தீனியும் வந்தது. மூன்று மீட்டருக்குத் தகுந்த தீனி: காலையில் ஒரு கூடை மீன். மேடம் திருப்பி அனுப்பினார். விலங்கு உண்ண மறுக்கிறது என்று கால்நடை மருத்துவர் வந்தார். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வாளியின் மேல் பல இடங்களில் வைத்துக் கேட்டுவிட்டு, மூச்சு சீராக இல்லை, விட்டு விட்டுக் குமிழி வருகிறது என்றார். அது ரப்பர் குழாய் என்று மேடம் சொன்னார். அப்படியானால் குழாயைக் கழற்றாதீர்கள், அதனால்தான் உயிர் நிற்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து மேடம் கூடையை வாங்கிப் பின்கதவுக்கு வெளியே வைக்க ஆரம்பித்தார். அந்தப் பருவத்தில் நிறுவனத்துப் பூனைகள் நடக்க முடியாமல் நடந்தன.

வாளி போதாது என்று அடுத்து ஒரு கண்ணாடித் தொட்டி கட்ட முடிவாயிற்று. இரண்டாள் உயரம், முன்கூடம் முழுக்க அகலம். "உள்ள என்ன போடணும்?" என்று கட்டுகிறவர் கேட்டபோது மேடத்துக்கு ஆசை வந்துவிட்டது. மனுஷிதானே. "உப்பங்கழிச் சேறு, லாரியில வேணும்," என்றார். வந்தது. அழகுக்காக அடியில் காற்றுக்குழாய்களும் பதித்தார்கள், திறப்பு விழாவில் குமிழி வர வேண்டும் என்று.

விழாவுக்கு ஒரு பெரிய அதிகாரி தலைமை தாங்கினார். முன்கூடத்தில் நாற்காலி போட்டு ஊரைக் கூட்டியிருந்தார்கள். மேடத்தை முதல் வரிசையில், தொட்டிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஹெல்மெட்டோடு உட்காரவைத்திருந்தார்கள். கணவரும் மாமியாரும் பின்னால்.

இயக்குநர் பேசினார். "என் காலத்தில் இந்த நிறுவனம் நீளத்திலே எவ்வளவோ முன்னேறியிருக்கிறது. இன்று ஒரு பெண் விஞ்ஞானி, பூஜ்யத்தில் இருந்தவர், ஒரே ஆண்டில் மூன்று மீட்டரைத் தொட்டிருக்கிறார். இது எப்படிச் சாத்தியம் என்று கேட்கிறார்கள். கேட்காமல் இருந்ததால்தான் சாத்தியமானது!" கைதட்டல் எழுந்தது.

தலைமை விருந்தினர் பொத்தானை அழுத்தினார். சேறு கலங்கி, தொட்டி முழுவதும் குமிழி பொங்கியது. எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். கலங்கல் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை.

"எங்கே அது?" என்றார் விருந்தினர்.

"கூச்ச சுபாவம் சார். வரும்," என்றார் இயக்குநர்.

மேடம் படியேறி நீரின் மேற்பரப்பைப் பார்த்தார். சாய்ந்த வெளிச்சத்தில் அது புழுதி படிந்த கண்ணாடிபோல் இருந்தது. புழுதி இல்லை என்று அவருக்குத் தெரியும். ஒரு லாரி சேற்றிலிருந்த முள்தலையன்கள் அத்தனையும் குமிழியோடு மேலே வந்துவிட்டிருந்தன. வாளியும் தாளுமாக இத்தனை வருடம் பார்த்ததெல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது. அவருக்குப் பயம், உறுத்தல், விருந்தினர் மாளிகை எல்லாம் மறந்துபோயிற்று. ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தார். கையிலிருந்த விழா அழைப்பிதழை நீரின் மேல் படுக்கவைத்து எடுத்து, தன் அறைக்கு ஓடிப்போய்க் கிண்ணத்தில் அலசி, நுண்ணோக்கியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"சார், இதோ! பாருங்க சார்! இதுதான்! எத்தனை இருக்கு பாருங்க! ஒவ்வொண்ணும் கால் மில்லிமீட்டர்!"

விருந்தினர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "ஆமா. கருப்பா, வளைஞ்சு, வரிசையா நிக்குது," என்றார். அது அவருடைய கண்ணிமை முடி. முதல்முறை பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். ஆனால் மேடம் சொன்ன அளவு அவர் காதில் விழுந்துவிட்டது. நிமிர்ந்து, "கால் மில்லிமீட்டரா? அழைப்பிதழ்ல மூணு மீட்டர்னு போட்டிருந்ததே?" என்றார்.

கூடம் முழுவதும் இயக்குநரைத் திரும்பிப் பார்த்தது. இயக்குநர் மெதுவாகச் சொன்னார்: "போன மாசம் வரைக்கும் மூணு மீட்டர்தான் சார் இருந்தது. இவங்க பொறுப்புல விட்டிருந்தோம்."

விசாரணை வைத்தார்கள். விசாரணை அதிகாரி, காணாமல்போன நாற்காலிகள் வழக்கை முடித்துவைத்த அனுபவசாலி. மேடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். பேனரைச் சொன்னார், டேப்பைச் சொன்னார், பூனைகளைக்கூடச் சொன்னார். சொல்லச் சொல்ல மனசு லேசானது.

அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுல ரெண்டே வழிதாம்மா. ஒண்ணு, அளந்தது தப்பு. இல்லன்னா, விலங்கு தேய்ஞ்சுபோச்சு. அளந்தது தப்புன்னு வச்சுக்குவோம். படத்தை அளக்கறதே தப்புன்னு ஆயிடும். அப்ப தாழ்வாரத்துல இருக்கற திமிங்கிலம்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநர் இருமினார்.

"திமிங்கிலம் போனா அவரு போவாரு. அவரு போனா, அவரு கையெழுத்துப் போட்ட என் நியமனமும் போயிடும். அப்புறம் இந்த விசாரணையை யாரு நடத்தறது? ஆக, நியாயம் கிடைக்கணும்னா விலங்கு தேய்ஞ்சிருக்கணும்."

"உயிரோட இருக்கற பிராணி எப்படி சார் மூணு மீட்டர்லேர்ந்து இப்படித் தேயும்?"

"கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பு ஆச்சுன்னு நம்ம பெரியவங்களே சொல்லியிருக்காங்க. முன்மாதிரி இருக்கு."

தண்டனை ஆணை ஒரு வாரத்தில் தயாரானது. நிர்வாக அலுவலர் நல்ல மனிதர். முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை மேடத்தின் பக்கம் நகர்த்தினார்.

"மனசைத் திடப்படுத்திக்கோங்கம்மா. கடுமையாத்தான் போட்டிருக்காங்க. நானே வாசிக்கறேன். 'மேற்படி விலங்கு தன் பழைய நீளமாகிய மூன்று மீட்டரை மீண்டும் அடையும் வரை, அலட்சியத்துக்குக் காரணமான விஞ்ஞானி அதன் அருகிலேயே இருந்து அதைக் கவனித்துவர வேண்டும். அதுவரை அவருக்கு இடமாற்றமோ, பதவி உயர்வோ, வேறு எந்தப் பணியோ வழங்கப்படமாட்டாது. வருடாந்திர அளவீட்டிலிருந்தும் அவர் விலக்கிவைக்கப்படுகிறார்.'"

மேடம் டம்ளரைத் தொடவில்லை. "இன்னொரு தடவை வாசிங்க சார்," என்றார்.

அவர் வாசித்தார். "மேல்முறையீடு பண்ணலாம். நான் வேணா எழுதித் தரேன்."

"வேண்டாம் சார்," என்று ஆணையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். "பண்ணின தப்புக்கு அனுபவிச்சுத்தானே ஆகணும்."

தலையைக் குனிந்துகொண்டு நிறுவனத்தைக் கடந்தார். சுறாக்காரரும் ஆமைக்காரரும் துக்க வீட்டில் நிற்பதுபோல் வழிவிட்டார்கள். வீட்டு வாசலில் கணவரும் மாமியாரும் காத்திருந்தார்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் மேடம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"என்னம்மா போட்டிருக்காங்க, பாவிங்க?" என்று மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினார்.

"அது பக்கத்துலேயே இருக்கணுமாம் அத்தை. வேற எதையும் தொடக் கூடாதாம்."

கணவர் ஆணையை வாங்கிப் படித்தார். "எவ்வளவு நாளைக்கு?"

"அது மூணு மீட்டர் வளர்ற வரைக்கும்."

"வளருமா?"

மேடம் கையை எடுத்தார். கண்ணீர் தாரை தாரையாக ஓடிக்கொண்டிருந்தது, சிரிப்பு அடங்கவில்லை.

"வளராதுங்க," என்றார். "சத்தியமா வளரவே வளராது."